கடலுக்கு முதுகு

மே 20, செவ்வாய்

சோமசேகரம் சேர் என் வரைபடத்தின் முன்னால் நின்று ஒன்றுமே சொல்லவில்லை. அவர் ஏசினால் பிழைக்கலாம், பேசாமல் நின்றால் கதை முடிந்தது என்று சீனியர்கள் முதலே சொன்னவர்கள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி.

"பின்னேரத்தில இந்த இடம் எப்பிடி இருக்கும், நுஸ்ரத்?"

"வடிவா இருக்கும் சேர்."

"பாத்தனீரோ?"

பார்க்கவில்லை. ஒவ்வொரு தரமும் காலையில்தான் போனேன். காலையில் வெயில் முதுகுப் பக்கம், எங்கட ஊர்த் துறைமுகத் தண்ணீர் பளபளவென்று கிடக்கும், போட்டோ எடுத்தால் அள்ளும். பின்னேரம் வெக்கை என்று வீட்டில் படுத்திருந்தேன். இதைப் புள்ளி போட வந்த ஜூரிக்குச் சொல்ல ஏலுமா?

பெயில். ஒரு தரம் திரும்பச் செய்து காட்டலாமாம். அதிலும் போனால் பூங்கா அமைக்கிற நிலத்தோற்றக் கட்டடக்கலையும் இல்லை, முதுமாணிப் பட்டமும் இல்லை. கூடப்பிறந்த காக்காவின் கந்தோரில் பழைய வேலைதான்.

மே 22, வியாழன்

திருகோணமலைக்கு வந்தாயிற்று. இல்ஹாம் காக்கா, என் மூத்தவர், வீட்டுப் படம் கீறுகிற கந்தோர் வைத்திருப்பவர், செய்தி கேட்டதும் கவலைப்பட்ட மாதிரி ஒரு முகம் வைத்தார். தேத்தண்ணி ஆறும் வரைக்கும்கூட அது நிலைக்கவில்லை.

"சரி பூக்கண்டு இஞ்சினியர், திங்கட்கிழமை வா. படம் கீற ஆளில்லாம வேலை குவிஞ்சு கிடக்கு."

அங்கே நாலு வருசம் இருந்தவள் நான். சுவர், கதவு, கக்கூஸ். சுவர், கதவு, கக்கூஸ். ஆசைக்கு மூலையில் ஒரு மரம் கீறினால், "வீட்டுக்காரன் மரமா கேட்டவன்? அழி" என்பார். அழித்து அழித்து அலுத்துத்தான் இந்தப் படிப்புக்கே போனேன். திரும்பிப் போக மாட்டன். மாட்டன் எண்டா மாட்டன்!

உம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறா. "கோவத்த எழுதினது காணும், சோத்தத் தின்னு மகள்."

மே 27, செவ்வாய்

ஒரு கோடும் மாறவில்லை. மாம்பழம் தின்றேன்.

மே 30, வெள்ளி

சோபனா வந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி, சல்லி என்கிற மீன்பிடிக் கிராமத்துக்காரி, இப்போது டீச்சர். ஆகையால் என் படத்தையும் கொப்பி திருத்துகிற மாதிரித்தான் பார்த்தாள்.

என் வடிவமைப்பு இதுதான்: உள்துறைமுக வீதியோரம் ஒரு பார்க், கரை நீளத்துக்கு ஒரே வரிசையில் கல் ஆசனங்கள், எல்லாம் கடலைப் பார்த்தபடி. எவ்வளவு கண்ணியம்!

"இதில இருக்கிற சனம் என்ன செய்யும்?"

"கடலைப் பாக்கும்."

"ஏன்?"

ஏனாம்! அவளுடைய அப்பா வள்ளத்தைக் கரையில் இழுத்து வைத்தாரென்றால் அதற்குப் பிறகு கடல் இருக்கிற திசைக்கே தலை திருப்ப மாட்டாராம். உங்கட அப்பாவுக்காக நான் பார்க் கட்டேல்ல எண்டு சொல்லிப்போட்டன். அவள் கோபிக்கவில்லை. "கல்லுக் கீறுறத விட்டிட்டு உண்மையான கதிரையக் கொண்டுபோய் வையடி. வைச்சுப்போட்டு ஒரு பக்கமா நிண்டு பாப்பம்" என்றாள்.

எரிச்சலாக இருக்கிறது. நல்ல யோசனை.

ஜூன் 13, வெள்ளி

நகரசபை ஒரு நாளைக்கு அனுமதி தந்தது. கலியாண வீடுகளுக்குக் கதிரை குடுக்கிற ஸைனுலாப்தீன் மாமாவிடம் போனேன். "மாஷா அல்லாஹ், மாப்பிள்ளை எந்த ஊர்?" என்றார். படிப்புக்கு என்றேன். "ஓம் ஓம், படிச்ச மாப்பிள்ளைதான் நல்லம்." பின்னேரம் உம்மாவுக்கு மூன்று டெலிபோன் கோல் வந்தது, மகளின் கலியாணத்தை ஏன் எங்களுக்குச் சொல்லேல்ல எண்டு.

ஜூன் 14, சனி

அல்லாஹ்வே, என்ன நாள்!

அசர் தொழுகை முடிந்த கையோடு கதிரைகளை அடுக்கினோம். என் படத்தில் உள்ளபடி, நூல் பிடித்த மாதிரி, கடலைப் பார்த்து. முதலில் வந்தவர், "எந்தக் கட்சி மீட்டிங்?" என்றார். மீட்டிங் இல்லை, சும்மா இருக்கலாம் என்றேன். நம்பவில்லை. ஒரு ஓரமாக நின்று, யாரும் பேச வரவில்லை என்று கண்ட பிறகுதான் கதிரையில் கை வைத்தார்.

வைத்து, தூக்கி, ரோட்டுப் பக்கம் திருப்பினார்.

பிறகு வந்த குடும்பம் வட்டமாகப் போட்டது. ரெண்டு பொம்பிளைகள் வேம்புக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். வடை விற்கிறவர் ஒன்றில் தட்டத்தை வைத்தார். கொஞ்ச நேரத்தில் என் வரிசை இருந்த இடமே தெரியவில்லை. கோட்டைப் பக்கமிருந்து வந்த, ஊருக்குள் திரிகிற மான் ஒன்று மட்டும் கடலைப் பார்த்து நின்றது.

எனக்கு அழுகை வந்திட்டு. ஓடிப் போய், "ஐயா, கடல் அந்தப் பக்கம்!" என்றேன். "தெரியும் தங்கச்சி" என்றார் முதலில் வந்த அந்த மனிசன், அன்பாகத்தான்.

வீம்புக்கு நானே ஒரு கதிரையைக் கடலுக்கு நேராக்கி அதில் இருந்தேன். மேற்குச் சூரியன் தண்ணீரில் பட்டு நேரே கண்ணுக்குள் குத்துகிறது. மேற்கே இருந்து வருகிற கச்சான் காற்று மூஞ்சியில் நெருப்பாக அடிக்கிறது. காலையில் இந்த ரெண்டும் எங்கே இருந்தன? கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் தாக்குப் பிடித்தேன். பிறகு எழும்பி என் கதிரையைத் திருப்பினேன். சோபனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"கடல் எங்க போகப் போகுது நுஸ்ரத்? ஆக்கள்தான் போயிடுவினம். அதுதான் அவையளப் பாக்கினம்."

பென்சிலை எடுத்தேன். ஒவ்வொரு கதிரையும் எங்கே போய் நின்றதோ அப்படியே கீறினேன். வேம்பின் நிழல் நகர நகர, கதிரைகளும் பின்னால் நகர்ந்தன. கை நிற்கவில்லை. அவ்வளவு சந்தோசமாக நான் படம் கீறினதே இல்லை.

தலை நிமிர்ந்தால் காக்கா. கலியாணக் கதை உண்மையா என்று பார்க்க வந்தாராம். தனக்கும் ஒரு கதிரை போட்டு, போகிற வருகிற எல்லாரோடும் கதைத்தார். மஃரிப் தொழுதுவிட்டு வீட்டுக்குப் போவார் என்று நினைத்தேன். திரும்பி வந்து அதே கதிரையைத் தேடினார். என் படத்தை எட்டிப் பார்த்தார், நக்கல் ஒன்றும் அடிக்கவில்லை.

"நாளைக்கும் வைப்பியா?"

"இல்லை காக்கா, இண்டைக்கு மட்டும்தான்."

"ம்."

கதிரைகளை எண்ணி ஏற்றியபோது ஒன்று கூடுதல். யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்து மறந்துபோய்விட்டார்கள்.

ஜூன் 16, திங்கள்

கொழும்பு ரயிலில். மடியில் படம்.

ஜூலை 9, புதன்

ஜூரி. கல் ஆசனம் ஒன்றும் இல்லை. நிழல் மரங்கள், ரெண்டு பக்கமும் குந்தலாம் போல அகலமான படி, தூக்கிப் போடக்கூடிய கதிரைகள். வெளியிலிருந்து வந்த மேடம், "கதிரையைக் களவெடுத்தால்?" என்று கேட்டா. அவ்வளவுதான், மரியாதை எல்லாம் பறந்துபோனது.

"எங்கட ஊரில ஒரு கதிரை கூடுதலா வந்தது மேடம்!"

அறையே சிரித்தது. சேர் சிரிக்கவில்லை, படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார். முடிவு பிறகு வருமாம்.

ஜூலை 19, சனி

பாஸ். B. சேர் எழுதியிருந்தார்: "நல்லது. இனியாவது பின்னேரத்தில் போகவும்."

காக்காவுக்கு நேரில் சொல்லி, அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். ரயிலால் இறங்கி, பையோடு நேரே கந்தோருக்குப் போனேன்.

என் மேசையில் வேறு ஒரு பிள்ளை இருந்து கூரைப்படம் கீறிக்கொண்டிருந்தாள். பெயர் பரீனா.

"எப்ப சேர்ந்தீங்க?"

"போன மாசம். நீங்க கொழும்புக்குப் போன கிழமை."

ஜூரிக்கு முதலே! காக்கா கணினியை விட்டுத் தலை நிமிர்த்தவில்லை.

"அப்ப நான் பெயிலாகியிருந்தா, காக்கா?"

"வேற எங்கயாவது வேலை தேடியிருப்பாய். இஞ்ச இடமில்லை."

என்ன மனிசன்! என் கதிரைப் படத்தைப் பார்த்த கையோடு மேசையைக் குடுத்துவிட்டார். ஏச வந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன். பரீனா பதறி எழும்பி, தன் கதிரையைக் காட்டி, "இருங்க ராத்தா" என்றாள்.

"வேணாம், நீங்க இருங்க" என்றேன்.