ஃபில்டர் கேட்காத மிஷின்

மார்ச் 4
ஆஸ்பத்திரிகளுக்குப் போக வேண்டிய கையுறையும் தையல் நூலும் கடையில் வந்து இறங்கின. தங்கச்சிக்குத் தொண்டைக்கட்டு இன்னும் விடவில்லை. "ஏசிக் காத்துண்ணா" என்கிறாள். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸுக்கு நான் வைத்தியம் சொல்வதா?

மார்ச் 11
தங்கச்சிக்குக் குரல்நாணில் மருவாம். "என்ன வேலைம்மா பாக்கறீங்க?" என்று கேட்டார் தொண்டை டாக்டர். பெண்கள் பிரிவு, கர்ப்பப்பை வாயில் வரும் மருவைச் சுட்டெடுக்கும்போது பக்கத்தில் நிற்பவள். "சுடறப்ப வர்ற புகையிலயும் அந்த மரு வைரஸ் இருக்கலாம். அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா எனக்குச் சந்தேகம் அதுமேலதான்."
புகையா? அதை உறிஞ்சும் மிஷினை அவள் ஆஸ்பத்திரிக்கு விற்றதே நான்தானே!

மார்ச் 12
மண்டை கொதிக்கிறது. மிஷின் ஓடினால் ஃபில்டர் தீரும், தீர்ந்தால் என்னிடம்தான் வர வேண்டும். மற்ற ஆஸ்பத்திரிகள் வருகின்றன. இவர்கள் இதுவரை ஒன்றுகூடக் கேட்கவில்லை. ஓடாத மிஷினுக்கு ஃபில்டர் எதற்கு?

மார்ச் 13
நேரில் போனேன். மிஷின் மூலையில், உறை போட்டபடி. அதன் தலையில் மடித்த துணிகள்.
"சத்தம்யா, கவனம் சிதறுது" என்றார் பெரிய டாக்டர். தையல் முடியும்வரை பாட்டு அலற விடுகிற மனுஷன்!
"பாட்டு மட்டும் தாலாட்டா சார்?"
"விக்கிறவன் வித்துட்டுப் போய்க்கிட்டே இரு."
போகிறேன்யா. மிஷினைத்தான் விற்றேன் — கூடப் பிறந்தவளின் தொண்டையையுமா?
வீட்டுக்கு வந்தால் அவளும் பாய்கிறாள். "அங்க நிக்கறது நான். நீ மூக்கை நுழைக்காதண்ணா."

மார்ச் 20
மருவை எடுத்துவிட்டார்கள். திரும்பவும் வரலாமாம். கொஞ்ச நாள் பேசக்கூடாது. அந்த வாயாடி வாய் மூடியதில் வீடே வெறிச்சோடிக் கிடக்கிறது. வேலையை விடச் சொன்னேன். கரண்டியை ஓங்கினாள்.

ஏப்ரல் 6
வேலைக்குப் போய்விட்டாள். குரல் வெறும் காற்று. பிடிவாதம் பிடித்த கழுதை.

ஏப்ரல் 9
மயக்க டாக்டர் கடைக்கு வந்து சொல்லிச் சிரித்தார். நோயாளிக்கு மயக்கம் கொடுக்கும் முன், தங்கச்சி தட்டில் எல்லாவற்றையும் அடுக்கியிருக்கிறாள். சுடுகிற கருவி மட்டும் அவள் கையில். "எங்கம்மா அது?" என்று பெரிய டாக்டர் கத்தியிருக்கிறார். பதிலுக்குக் கத்த இவளிடம் குரல் ஏது? மூலையில் இருந்த மிஷினையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.
"கடைசில நானே போய் உறையை உருவி ஸ்விட்சைப் போட்டேன்."
வீட்டில் அவளைக் கேட்டால், "சாப்பிடறியாண்ணா?" என்கிறாள், காற்றாக.

மே 2
அடுத்த வாரம் தங்கச்சிக்கு மறுபடி தொண்டைப் பரிசோதனை. நினைத்தாலே அந்தப் பெரிய டாக்டர்மேல் பற்றிக்கொண்டு வருகிறது.
மதியம் அவள் ஆஸ்பத்திரி ஸ்டோரிலிருந்து போன். "அந்தப் புகை மிஷினுக்கு ஃபில்டர் இருக்காண்ணே?"
நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பிறகு தியேட்டர் கதவுக்கு வெளியே நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஓடுகிறது.
அப்படி ஒன்றும் சத்தமில்லை.