கிணற்றடிக் கல்

இஞ்சருங்கோ,

நான் மண்கும்பானுக்கு, மகள் வீட்டை போறன். நாலு நாளாய் நீங்கள் என்னோட ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. எனக்கு ஏலாமல் கிடக்கு. சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் குசினியில மூடி வைச்சிருக்கிறன்.

உங்கட பூட்டனார் மொறாவியன் எண்ட கிறிஸ்தவ சபையில ஊழியம் செய்தவர் எண்டு ஆறு வருசமாய்த் தேடினீங்கள். போன கிழமை ஜெர்மனியில இருந்து அந்தச் சபைக்காரர் கடிதம் போட்டவை. தங்கட ஆக்களைப் புதைச்ச இடத்தில சின்னக் கல்லொண்டைப் படுக்கையாய்ப் பதிக்கிறவையாம். அதில இருக்கிற பேரும் வருசமும் தெரிஞ்சால், அவரின்ர வாழ்க்கையை எழுதி வைச்ச ஏட்டைத் தேடித் தரலாமாம். வாசிச்ச கையோட நீங்கள் கிணத்தடிக்கு ஓடினீங்கள்.

நான் என்னத்தைக் கண்டன்? இடம்பெயர்ந்து திரும்பி வரேக்கை வளவுப் பத்தைக்குள்ள கிடந்த கல்லைத்தான் கிணத்தடியில தோய்க்கப் போட்டனான். சமாதிக் கல்லெண்டு தெரிஞ்சால் தொட்டிருப்பனே? எழுத்து வெட்டின பக்கம் சொரசொரப்பு, அழுக்கு நல்லாய்ப் போகுமெண்டு அந்தப் பக்கத்தை மேல வைச்சு உடுப்புத் தோய்ச்சனான்.

விடிய நானும் விரலால தடவிப் பார்த்தன். எழுத்தொண்டும் மிஞ்சேல்லை, தேய்ஞ்சு போச்சு. இனி எழுத்துத் தெரியுமெண்டு கடதாசியை வைச்சுக் கரி தேய்க்காதேங்கோ.

கேதீஸ்வரி

பின்கதவைப் பூட்டிப்போட்டன், திறப்பு அலுமாரிக்கு மேல. மாட்டுக்குத் தண்ணி வையுங்கோ.

இன்னொண்டு. அந்தக் கல்லில கனக்கத் தோய்ச்சது என்ர சீலையை இல்லை. இருபது வருசமாய் வெள்ளை வெளேரெண்டு வேட்டி உடுத்திக்கொண்டு படிப்பிக்கப் போனது நீங்கள்.