முதல் உரிமையாளர்

ஜார்கென்ட்
அக்டோபர் 19

முகம் பார்த்திராத ஃபான் லிங்யாவுக்கு,

உங்கள் வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். நான் கலாம்காஸ். எல்லைக்கு இந்தப் பக்கம், கஜகஸ்தானில் வாடகை வண்டி ஓட்டுகிறேன். சின்ன வயதில் உங்கள் பக்கம்தான் படித்தேன். அதனால் சீன எழுத்து வரும். கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு மின்சாரக் கார் வாங்கினேன். பழைய வண்டி என்று விற்றார்கள். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை. காகிதத்தில் முதல் உரிமையாளர் என்று உங்கள் பெயரும் விலாசமும் இருந்தன. இவ்வளவு நல்ல வண்டியை வாங்கிய கையோடு விற்க என்ன கஷ்டம் வந்தது உங்களுக்கு?

ஒரு தொல்லை. சாவி அட்டையால் வண்டி ஓடுகிறது. ஆனால் போனில் என் பெயருக்கு மாற்றப் போனால், முதல் உரிமையாளரின் முகத்தைக் காட்டு என்கிறது. என் முகத்தைக் காட்டினேன், மறுத்துவிட்டது. என் மகள் ஜிபெக், "வண்டிக்கே உன்னைப் பிடிக்கலைம்மா" என்று சிரிக்கிறாள். தயவுசெய்து மாற்றிக் கொடுங்கள். ஆப்பிள் லாரி ஓட்டும் தோலெகென் கையில் இதைக் கொடுத்திருக்கிறேன். பதிலும் அவரிடமே தரலாம்.

அன்புடன்,
கலாம்காஸ்

*

கோர்கோஸ்
நவம்பர் 2

மரியாதைக்குரிய கலாம்காஸ் அத்தைக்கு,

வணக்கம். எனக்கு யாரும் கடிதம் எழுதியதில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நாலு தாள் வீணாக்கினேன்.

நான் பணக்காரி இல்லை. போன வசந்தத்தில்தான் பதினெட்டு முடிந்தது. எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் குரல் வராது, அதனால் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அம்மா என்னைக் கான்சு மாகாணத்திலிருந்து சித்தப்பா வீட்டுக்கு அனுப்பினாள். அவர் கார் ஏற்றுமதி செய்கிறார். புதுக் காரை என் பெயரில் வாங்குவார். மறுநாளே காகிதத்தில் அது பழைய கார் ஆகிவிடும். அப்புறம் எல்லை தாண்டும். "பேசாத பொண்ணு. இந்த வேலைக்குன்னே பொறந்தவ" என்று எல்லோரிடமும் சொல்வார்.

ஒவ்வொரு காருக்கும் போன் முன்னால் உட்கார்ந்து கண்ணைச் சிமிட்ட வேண்டும். நான் தரையைப் பார்ப்பேன். சித்தப்பா திட்டுவார்: "பொண்ணு பாக்கவா வந்திருக்காங்க? நிமிந்து பாரு." இதுவரை எத்தனை கார் என் பெயரில் போயிருக்கிறது என்று எனக்கே தெரியாது. ஒன்றிலும் நான் ஏறியதில்லை.

அந்தப் போன் சித்தப்பாவிடம் இருக்கிறது. அவர் இல்லாதபோது கிடைத்தால் உங்கள் வண்டியை விடுவிக்கிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். வண்டியின் கேமராவில் தெரிவது அந்தப் போனிலும் தெரியும். நீங்கள் தலைத்துணியால் கண்ணாடி துடைப்பதைப் பார்த்திருக்கிறேன். சொல்லாமல் பார்த்தது தப்பு. நான் மட்டும் பார்க்கவில்லை. சித்தப்பாவும் பார்க்கிறார்.

பணிவுடன்,
லிங்யா

*

ஜார்கென்ட்
ஜனவரி 5

என் கண்ணு லிங்யாவுக்கு,

அத்தை என்று எழுதாதே. அக்கா போதும். வண்டி ஓட்டுகிறவளுக்கு வயது சொல்லக் கூடாது.

தோலெகென் டிசம்பர் முழுக்க அல்மாத்தி பக்கமே ஓடினார், அதனால்தான் தாமதம். கேமரா விஷயம் படித்துக் கொஞ்ச நேரம் உடம்பு கூசியது. பிறகு பழகிவிட்டது. இப்போது வண்டியில் ஏறியதும் உனக்கு ஒரு வணக்கம் வைக்கிறேன், உன் சித்தப்பாவுக்கு நாக்கைத் துருத்துகிறேன். ஜிபெக் பார்த்துவிட்டு, "பைத்தியம் புடிச்சிருச்சா?" என்கிறாள்.

அவளுக்கு இது நிறைமாதம். குழந்தை குறுக்கே கிடக்கிறதாம், இங்கே பார்க்க முடியாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். பதினொன்றாம் தேதி அல்மாத்திக்குக் கூட்டிப் போகிறேன். வழி முழுக்க வெட்டவெளி, பனிக்காற்று. வழியில் செலேக் ஊரில் நிறுத்தி ஒருமுறை சார்ஜ் போட வேண்டும். மாப்பிள்ளை தன் பழைய பெட்ரோல் வண்டியில் போகலாம் என்றான். "அது ஹீட்டர் இல்லாத தகரம்டா. என் வண்டி அடுப்பங்கரை மாதிரி கதகதன்னு இருக்கும்" என்றேன்.

பேரப்பிள்ளை பிறந்ததும் எழுதுகிறேன். பவுர்சாக் பணியாரம் சுட்டு அனுப்பியிருக்கிறேன். ஆறினாலும் நன்றாக இருக்கும். சித்தப்பாவுக்குக் கொடுக்காதே.

உன் அக்கா,
கலாம்காஸ்

*

கோர்கோஸ்
ஜனவரி 6

அன்புள்ள கலாம்காஸ் அக்காவுக்கு,

அக்கா என்று எழுத உங்களைக் கேட்கவில்லை. நேற்றிலிருந்து மனதில் அப்படித்தான் கூப்பிடுகிறேன். உங்கள் கடிதம் இன்னும் வரவில்லை. தோலெகென் வந்ததும் கொடுக்க, இதை எழுதி வைக்கிறேன்.

கார் செய்கிற கம்பெனியே உங்கள் நாட்டில் கடை திறக்கப் போகிறதாம். பக்கவாசல் வழியாக வந்த வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தால் புது வண்டி எப்படி விற்கும்? அவற்றை நிறுத்திக் காட்டினால் அந்தக் கடையைச் சித்தப்பாவுக்கே தருவதாகக் கம்பெனி ஆள் ஒருவன் சொல்லியிருக்கிறான். நேற்றுச் சாப்பிடும்போது சித்தியிடம் சொன்னார்: "வண்டி திருட்டுப்போச்சுன்னு உரிமையாளர் சொன்னாப் போதும். அடுத்து எங்க நிக்குதோ அங்கயே செத்துரும். அப்புறம் கிளம்பாது."

உரிமையாளர் நான்தான்.

இன்று சித்தப்பா போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். முகம் காட்டமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் கண்ணை மூடிக்கொண்டேன். கண் திறந்திருந்தால்தான் போன் ஏற்கும். சித்தப்பா முதலில் சிரித்தார். "நடிக்கிறியா?" என்றார். பிறகு அடித்தார். பிறகு, "சரி விடு. மனுசி எவ்வளவு நாள் கண்ணை மூடிட்டு இருப்பா?" என்று எழுந்துபோனார்.

அவர் அதட்டாமல் போனதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தக் கடிதம் கிடைத்ததும் வண்டியை வீட்டு வாசலிலேயே விட்டுவிடுங்கள். தூரம் எங்கும் போகாதீர்கள்.

லிங்யா

*

கோர்கோஸ், லாரி வரிசையில்
ஜனவரி 11

அக்கா,

மூன்று நாள் முன்பு தோலெகென் உங்கள் கடிதத்தைக் கொடுத்தார், என்னுடையதை வாங்கிக்கொண்டு போனார். அவர் போன பிறகுதான் பிரித்துப் படித்தேன். பதினொன்றாம் தேதி, பதினொன்றாம் தேதி என்று அப்போதிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

வீட்டில் யார் வந்தாலும் தலையைக் குனிந்துகொண்டேன். சாப்பிடும்போதும் முடியை முகத்தில் விட்டுக்கொண்டேன். இன்று மதியம் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். சித்தி பின்னாலிருந்து, "லிங்யா, அம்மா வந்திருக்காடீ" என்றாள். அம்மாவைப் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது.

திரும்பிப் பார்த்தேன். சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன். சித்தி கையில் போன் இருந்தது. அது 'டிங்' என்றது.

"பாத்தியா, சிரிச்சா எவ்வளவு அழகா இருக்கே" என்றாள் சித்தி. எல்லா வண்டியையும் திருட்டு என்று பதிய ஒரே முகம் போதுமாம், சித்தப்பா சொன்னார்.

கையில் மாவோடு எல்லை வரை ஓடினேன். பனியில் வாயிலை மூடிவிட்டதால் லாரிகள் எல்லாம் இந்தப் பக்கமே நிற்கின்றன. ஒவ்வொரு லாரியாகத் தட்டி, "தோலெகென், தோலெகென்" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று எனக்குத் தெரியாது. அவர் வண்டியில் தூங்கிக்கொண்டிருந்தார். என் கடிதம் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.

உங்களுக்குப் போன் செய்தார். வீட்டு எண்ணில் உங்கள் மாப்பிள்ளை எடுத்தார். நீங்கள் விடிந்ததும் கிளம்பிவிட்டீர்களாம், ஜிபெக் பின்சீட்டில் படுத்திருக்கிறாளாம். மாப்பிள்ளை இப்போது தன் பழைய வண்டியை எடுத்துக்கொண்டு உங்கள் பின்னால் வருகிறார். உங்கள் எண்ணுக்குத் தொடர்பு கிடைக்கவில்லை. வெட்டவெளியில் கிடைக்காது என்கிறார் தோலெகென். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்துகிறார், என் பக்கம் திரும்பாமல் இல்லை என்று தலையை ஆட்டுகிறார்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். எழுதி என்ன செய்வது என்று தெரியவில்லை. வேறு எப்படி உங்களிடம் பேசுவது என்றும் தெரியவில்லை.

எங்கும் நிறுத்தாமல் போங்கள் அக்கா. சார்ஜ் போட நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

லிங்யா