சாரின் மொக்க

ஜூன் 11, செவ்வாய். திருப்பதி.

இன்று தக்காளிச் செடிக்குப் போட்டோ. வழக்கம்போல தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்கேலை நிறுத்தினேன். ஹேமநாத் சார் பிடுங்கி வீசினார். "ஸ்கேல் வத்து மா. மன மொக்க சாலு." ஸ்கேல் வேண்டாமாம், நம்ம செடி மட்டும் போதுமாம். தெலுங்கில் மொக்க என்றால் செடி. எங்கள் தமிழில் மொக்கை என்றால் உதவாக்கரை. மனிதர் தெரியாமலே உண்மையைப் பேசுகிறார். ஒரு சாண்கூட இல்லாத செடி, தரையில் படுத்துக்கொண்டு எடுத்த படத்தில் தென்னைமரம் மாதிரி நிற்கிறது.

ஜூன் 12

வாடல் நோய்க் கிருமியை ஊற்றினாலும் இந்தச் செடி சாவதில்லை. அது பொய்யில்லை, நானே ஊற்றிப் பார்த்தேன். கிருமி வந்தால் மட்டும் விழிக்க வேண்டிய மரபணு இதில் தூங்குவதே இல்லை. எந்நேரமும் கத்தியைத் தூக்கிக்கொண்டு நிற்பவன் எப்போது சாப்பிடுவான், எப்போது வளர்வான்? ஆராய்ச்சிக்குத் தங்கம். வயலுக்கு? கோலிக்குண்டு அளவில் நாலு காய். ஆய்வேட்டில் இதை எழுதியிருந்தேன். சார் அந்தப் பத்தியை அடித்துவிட்டார். அவர் கையெழுத்து இல்லாமல் ஆய்வேடு நகராது, எனக்குப் பட்டமும் கிடையாது.

ஜூன் 19

பேப்பரில் வந்துவிட்டது: 'தக்காளிக்கு இனி நோயே இல்லை.' சாரின் சிரிப்பு அரைப்பக்கம். ஜூனியர் சுஷ்மிதா அதை நோட்டீஸ் போர்டில் குத்திவிட்டு "சூப்பர் சார்" என்றாள். இதைச் சொல்லத்தான் எல்லோரும் எம்.எஸ்சி. படித்தோம்.

ஜூன் 23

ஊரிலிருந்து நைனா போன். "இன்னா மங்கா, உங்க சார் தக்காளிக்கு நோவே வராதாமே? போன தபா மொத்தமும் வாடிப் பூட்ச்சி. இந்த தபா இருக்கற நெலம் முச்சூடும் அதையே வச்சிடலாம்னுகீறேன். நம்ம ஊர்லயே மீட்டிங் வெக்கறாங்களாமே."

"ஆமா நைனா" என்றேன்.

ஆமாவாம்! இந்த டைரியில் சாரைப் பக்கம் பக்கமாகக் கிழிக்கிறேன். பெற்ற அப்பாவிடம் பேசும்போது மட்டும் வாயில் கொழுக்கட்டை.

ஜூலை 6, சனி. பாலசமுத்திரம்.

ஷாமியானா, மைக், திரையில் அந்தத் தென்னைமரப் படம். செடியைக் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தால் குட்டு உடையுமே. "இதி மன மொக்க!" என்றார் சார். தமிழ் பேசும் எங்கள் ஆட்கள் பக்கம் குபீரென்று சிரிப்பு. பாராட்டுகிறார்கள் என்று நினைத்து இன்னொரு தடவை சொன்னார்.

விதை வேண்டுகிறவர்கள் பெயர் கொடுக்கலாம் என்றதும் இரண்டு பேர் போய்க் கொடுத்தார்கள். அடுத்து நைனா எழுந்தார். அவர் பெயர் கொடுக்கவில்லை, என் பக்கம் திரும்பினார்.

"சாரு சொல்றது இருக்கட்டும். நம்ம நெலத்துல நீயா இருந்தா வெப்பியா?"

"செப்பு மா" என்றார் சார், சிரித்தபடியே.

"வெக்க மாட்டேன் நைனா. நோவு வராது. ஆனா செடி இவ்ளோதான்." கையை ஒரு சாணாக விரித்துக் காட்டினேன். "காயும் கோலிக்குண்டுதான்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நைனா உட்கார்ந்தார். பெயர் கொடுத்த இரண்டு பேரும் போய் அதை அடிக்கச் சொன்னார்கள்.

ஜூலை 8

இனி நான் அவருடைய மாணவி இல்லையாம். ஆங்கிலத்தில் சொன்னார். கோபம் வந்தால் மட்டும் அவருக்கு இலக்கணம் சுத்தமாக வருகிறது.

நாலு வருஷம் போச்சு. ச்சீ, அழுகையா வருது. அந்த ஆளுக்காகவா அழறேன்? இல்ல. என் செடிக்கு.

ஜூலை 30

பக்கத்து லேப் பிரேமலதா மேடம் என்னைத் தன் மாணவியாகச் சேர்த்துக்கொள்கிறார். "முதல்லேருந்து ஆரம்பிக்கணும். பரவாயில்லையா?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். பரவாயில்லையாவது! வயிற்றெரிச்சல்தான்.

அடுத்த வருஷம், அக்டோபர் 19

அதே மரபணு, வேறு இடத்தில் மாற்றம். கிருமி வந்தால் விழிக்கிறது, போனால் தூங்குகிறது. இதுவரை அப்படித்தான் தெரிகிறது. பத்திரிகைக்காரர்கள் யாரும் தயவுசெய்து இந்தப் பக்கம் வர வேண்டாம்.

சாயங்காலம் நைனா போன். "மொக்க எப்டிக்கீது?"

"எந்த பாஷையில கேக்கற நைனா?"

"ரெண்டுலயுந்தான்."

செடி என் முழங்காலுக்கு வந்திருக்கிறது. பக்கத்தில் ஸ்கேலை நிறுத்திப் படம் எடுத்து அனுப்பினேன்.