கிணறு இல்லை, வாய்க்கால்

இன்று காலை பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கித் திரும்பும்போது, பக்கத்துக் கடையில் ஒருவர் கோலி சோடா உடைத்தார். அந்தச் சத்தத்தில் நீ வந்து நின்றாய்.

நாம் ஒன்றாக வேலை பார்த்த மில் மூடிய பிறகு நீ போர்வெல் போடும் லாரிக்கு வேலைக்குப் போனாய். நான் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். டெல்டா பக்கம் வாழ்க்கைப்பட்ட உன் தங்கை ஒரு நாள் போனில் அழுதாள். ஊருக்கு அருகே ஒரு கம்பெனி பூமிக்கடியில் இருக்கும் நிலக்கரியிலிருந்து மீத்தேன் வாயு எடுத்துப் பார்க்கக் குழாய் இறக்கியிருந்தது. அது முதல் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் மட்டம் இறங்குகிறது என்றாள்.

"கரியத் தோண்டாமயே காஸ் எப்படிடா வரும்?" என்று கேட்டேன். நீ ஒரு சோடாவை உடைத்துக் காட்டினாய்.

"பொங்குதுல்ல? இவ்ளோ நேரம் கோலி அடச்சி வச்சிருந்துச்சு. பூமிக்குள்ள அந்தக் கோலி வேலையத் தண்ணி செய்யுது. தண்ணிய எறச்சிட்டா காஸ் மேல வந்துடும்." ஒரு வாய் குடித்துவிட்டு, "அந்தத் தண்ணி எங்க போவுது, அதோட நம்ம கெணத்துத் தண்ணியும் போவுதா, அதான் தெரியல. போய்ப் பாக்கலாம் வர்றியா?" என்றாய்.

பஸ் ஏறினோம். தண்ணீரின் உப்பைக் காட்டும் மீட்டரைக் கல்லூரியில் கேட்டு வாங்கியிருந்தேன். நீ கிணற்றில் கல் கட்டிய கயிற்றை விட்டு மட்டம் பார்த்தாய். பிறகு, மாப்பிள்ளை வயலுக்குப் புதிதாகப் போட்டிருந்த போர்வெல் மோட்டாரை நிறுத்தச் சொன்னாய்.

"நடவு காஞ்சிடும்ண்ணா" என்றாள் தங்கை.

"மூணு நாள்தாம்மா."

அந்த மூன்று நாளும் கம்பெனி பம்பு ஓடிக்கொண்டே இருந்தது. ஆனாலும் கிணற்றில் தண்ணீர் ஏறியது. இறக்கியது வீட்டு மோட்டார்தான்.

அத்தோடு திரும்பலாம் என்றேன். நீ கேட்கவில்லை. வாய்க்காலோரம் நடந்தோம். கம்பெனி இறைத்த தண்ணீர் குழாய் வழியே வாய்க்காலில் விழும் இடத்துக்கு மேற்புறம் தண்ணீர் எப்போதும் போலிருந்தது. கீழ்ப்புறம் வைத்ததும் மீட்டரில் எண் ஏறிக்கொண்டே போனது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாய். "எத்தன காலமா அடியில கெடந்த தண்ணியோ" என்றாய். உன் முகத்தில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது.

ஊராரின் புகாரை விசாரிக்க அரசு அதிகாரி வந்த ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றாய். "கெணறு எறங்குனதுக்கு இப்போதைக்குக் கம்பெனி காரணம் இல்லீங்க. நாள்பட எறங்குமான்னு தெரியாது, அளந்துகிட்டே இருக்கணும். ஆனா வாய்க்கால்ல உப்பு ஏறுனது அவங்க தண்ணியாலதான். இப்பவே வாங்க, காட்டுறேன்."

"கம்பெனி ஆளா நீ?" என்றார் ஒருவர். தங்கை எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். கிணற்றுப் புகாரை மறுக்க அதிகாரி தயாராக வந்திருந்தார் போலும்; வாய்க்காலை அவர் எதிர்பார்க்கவில்லை. நம்மோடு நடந்து வந்து மீட்டரைப் பார்த்தார். அந்த வாரமே வாய்க்காலில் விழுந்த குழாயை அடைத்தார்கள். சில மாதங்களில் கம்பெனியும் கிளம்பிவிட்டது. ஏன் என்று நமக்கு யாரும் சொல்லவில்லை.

தங்கை இரண்டு வருடம் உன்னோடு பேசவில்லை. நீ பெரிய ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோதுதான் வந்தாள். "அன்னிக்குக் கெணத்தையும் கம்பெனி மேல சேத்து சொல்லியிருந்தா, ரெண்டையுமே பொய்யின்னு தள்ளியிருப்பாங்கண்ணா" என்று உன் காலைப் பிடித்துக்கொண்டாள். நீ கேட்டது ஒன்றுதான்: "இப்ப மட்டம் எவ்ளோ இருக்கு?"

அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது. அன்று காலைகூட அளந்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருக்கிறாள்.

போன வாரம் ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் மஞ்சளாக வந்தது. பக்கத்தில் எழும்பும் அடுக்குமாடிதான் காரணம் என்று மனு எழுதி என்னிடம் கையெழுத்துக் கேட்டார்கள். "எனக்குத் தெரியல. மொதல்ல பாத்துடலாம்" என்றேன். சிலருக்கு முகம் சுருங்கியது. அப்படிச் சொல்ல ஒரு காலத்தில் எனக்குக் கூச்சமாக இருந்திருக்கும். மறுநாள் விடிந்ததும், வீடு வீடாகத் தண்ணீர் பிடித்துப் பார்க்கக் காலி பாட்டில்களோடு தெருவின் முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன்.