விலை ஏறியும் வருகிறவர்

மார்ச் 3
மது வரி ஏறிவிட்டது. எங்கள் பாரின் விலைப் பலகையை அழித்து எழுதினேன். கல்லாவிலிருந்து அக்கா சிரித்தாள்: "எழுது எழுது. நாளையிலருந்து நாம ரெண்டு பேரே உட்கார்ந்து குடிக்கலாம்."

மார்ச் 9
அவள் வாக்கு பலித்துவிட்டது. எதிரே பேருந்துப் பணிமனையில் ஓவர்டைமையும் நிறுத்திவிட்டார்கள். விஸ்கி குடித்த மெக்கானிக்குகள் பீருக்கு இறங்கினார்கள், அதுவும் சம்பள நாளன்று மட்டும்; பீர் ஆட்கள் தெருமுனைக் கடையின் மலிவுச் சரக்குக்குப் போய்விட்டார்கள். எங்கள் பாரில் எட்டு மேசைக்கு ஒரே ஆள் – தினமும் வருகிற அந்த பஸ் டிரைவர். எப்போதும் எலுமிச்சை சோடா மட்டும். "காலையில வண்டி எடுக்கணுங்க."
குடிக்காத மனுஷன் பாருக்கு எதற்கு வருகிறார்?

மார்ச் 10
ஒருவேளை... சீ. எனக்கு நாற்பத்திரண்டு வயது.

மார்ச் 14
சோடா விலையையும் ஏற்றினேன், சும்மா சோதித்துப் பார்க்க. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "இருக்கிற ஒருத்தரையும் துரத்தப் போறியாடி?"
அவர் பலகையைப் பார்த்தார். ஒன்று குடித்தார். "இன்னொண்ணு குடுங்க."
சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடி ஐஸ் பெட்டிக்குள் தலையை விட்டேன்.

மார்ச் 15
மறுபடி ஏற்றினேன். மூன்று குடித்தார்!

மார்ச் 22
கடையை மூடிவிடலாம் என்றாள் அக்கா. விளையாட்டாக இல்லை. அவர் காதிலும் விழுந்துவிட்டது.
"மூடிட்டா நான் எங்கங்க போறது?"
"சோடா எல்லா இடத்துலயும் கிடைக்குமே."
"நான் என்ன சோடாவுக்கா வர்றேன்?"
சொல்லிவிட்டுக் காது சிவக்க எழுந்து போய்விட்டார். மீதிச் சில்லறையைக்கூட வாங்கவில்லை. ஐயோ, நான் என்ன செய்ய! இன்னும் ஒரு மாதம் பார்ப்போம் என்று அக்காவிடம் கெஞ்சினேன்.

ஏப்ரல் 2
பணிமனையில் சம்பள உயர்வு! மேசை நிரம்பி வாசல்வரை ஆள். பீர் ஆட்கள் விஸ்கிக்கு ஏறிவிட்டார்கள். மலிவுச் சரக்குக்கு ஓடியவர், "ஒயின் இருக்கா?" என்கிறார். "கையில காசு வந்தா நாக்குக்கும் பவுசு வந்துடுது," என்றாள் அக்கா.
எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவரும் வந்தார்; உட்கார இடமில்லை. கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கிளாஸ் கழுவ ஆரம்பித்துவிட்டார். யாரும் கேட்கவில்லை.
அக்கா என் விலாவில் இடித்தாள். "கல்லாவ நான் பாத்துக்கிறேன். நீ ஆளப் பாரு."

ஜூன் 11
காலையில் எங்கள் புது வீட்டில் காபி அவர் போட்டார். சர்க்கரை போட மறந்துவிட்டார். வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று ஓடியவர், படியிறங்கும்போது திரும்பி, "நல்லாருக்கா?" என்றார்.
"ரொம்ப," என்றேன். கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.