மேல் ஓரத்து மஞ்சள்

காஜா பேராங்,
மலாக்கா.
14-3-1958

அன்புள்ள அத்தானுக்கு,

அலமேலு வணக்கத்துடன் எழுதுவது. அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. மற்றபடி எல்லாரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

போன வாரம் முடிதிருத்தும் கடைக்குப் போன அப்பா, பாதி மழித்த முகத்தோடு திரும்பி வந்தார். கையில், சிங்கப்பூரில் நீங்கள் வேலை பார்க்கும் அச்சகத்தில் அச்சாகும் அந்த ஆண்கள் பத்திரிகை. நடுப்பக்கத்தில் என் தங்கை கோகிலா. மெர்டேக்கா சுதந்திர விழா முடிந்த வாரம், வரன் பார்ப்பதற்காக ஸ்டூடியோவில் எடுத்த படம். மடியிலிருந்த புத்தகத்தையும் அதைப் பிடித்த கைகளையும் வெட்டிவிட்டார்கள். இடுப்புக்கு மேலே மட்டும் பெரிதாக்கி, ‘மலாக்காவில் கனிந்தது, பறிக்க யார்?’ என்று கீழே போட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவள் அத்தான் அவள்.

அப்பா அதை அடுப்பில் போட்டார். மறுநாள் கடையில் இன்னொன்று தொங்கியது.

பேச்சு அடங்கும்வரை பள்ளிக்கு வர வேண்டாம் என்று தலைமையாசிரியர் பொன்னுதுரை சொல்லியனுப்பிவிட்டார். புக்கிட் பாரு மாப்பிள்ளை வீட்டார், தங்களிடமிருந்த படத்தை ஒரு வார்த்தையும் இல்லாமல் திருப்பி அனுப்பினார்கள். இந்தப் புழுக்கத்திலும் கோகிலா தடித்த துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். “நான் என்னக்கா செஞ்சேன்? புத்தகத்த புடிச்சிக்கிட்டு சும்மாதானே ஒக்காந்திருந்தேன்?” என்று கேட்டாள். முந்தாநாள் கிணற்றடியில் வெகுநேரம் நின்றாள். அதிலிருந்து அவளை நான் தனியே விடுவதில்லை.

உங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பத்திரிகைகளை உங்கள் டிரங்குப் பெட்டியில் முன்பே பார்த்திருக்கிறேன். பிழை பார்க்கக் கொண்டுவந்தது என்றீர்கள். நானும் புரட்டிவிட்டு, இப்படியும் ஒருத்தி நிற்பாளா என்று அந்தப் பெண்களைத்தான் திட்டினேன். அவர்களில் எத்தனை பேர் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்களோ! நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

படம் மூன்று பிரதிகள் எடுத்தோம். ஒன்று வீட்டில், ஒன்று புக்கிட் பாருவில். சிங்கப்பூரில் நல்ல வரன் இருந்தால் காட்டுங்கள் என்று மூன்றாவதை உங்களுக்கு அனுப்பினேன். அதை மட்டும் ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயில் சன்னிதியில் வைத்து, மேல் ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைத்தேன். பத்திரிகை அடுப்புக்குப் போகுமுன் பார்த்தேன். அவள் தலைக்கு மேலே, ஓரத்தில், கறுப்பாக ஒரு பொட்டு. மஞ்சள் நிறம் அச்சில் கறுப்பாக விழும் என்று நீங்கள்தான் ஒருமுறை சொன்னீர்கள்.

இதை யாரிடமும் நான் சொல்லவில்லை. வியாழக்கிழமை அப்பா பஸ் ஏறி அங்கே வருகிறார். படத்தைக் கொடுத்தவன் யாரென்று தன் மூத்த மாப்பிள்ளை கண்டுபிடித்துவிடுவார் என்று நம்பி வருகிறார். அத்தான் ஊரில் இருந்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டார் என்று கோகிலாவும் சொல்கிறாள்.

திருட்டுப் போய்விட்டது என்று எழுதுங்கள். மேசைமேல் வைத்திருந்தேன், எவனோ எடுத்துவிட்டான் என்று எழுதுங்கள். என்னால் நம்ப முடியாமல் போனாலும், அவளுக்கு அதைப் படித்துக் காட்டுவேன். அவளுக்கு அது வேண்டும்.

அப்பா பசி தாங்கமாட்டார், வந்ததும் சாப்பிட வையுங்கள். படம் இன்னும் உங்களிடம் இருந்தால் அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். மஞ்சளைப் பார்த்துவிடுவார்.

பிள்ளையார் உங்களையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அலமேலு